9 மாத அல்சேஷனுக்குக் கடி ஸ்லீவ் எது சரி? திருகோணமலையில் யாராவது பழக்குகிறீர்களா?

நிலாவெளி_அல்சேஷன் | திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 9 மாத ஆண் அல்சேஷன் இருக்கிறான், 31 கிலோ. பந்து, சாரம், கயிறு எது கிடைத்தாலும் கவ்விக்கொண்டு விடவே மாட்டான். ஐ.ஜி.பி. என்ற வேலை நாய்ப் போட்டி வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான். இரு, கிட, வா எல்லாம் நன்றாகச் செய்கிறான், இனி அந்தப் போட்டியில் நாய் ஆளின் கையுறையைக் கவ்வுகிற பாதுகாப்புப் பகுதியைத் தொடங்கலாம் என்று யோசிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மச்சான் அடுத்த மாதம் வருகிறார், ஒரு கடி ஸ்லீவ், அதாவது நாய் கவ்வுவதற்காக ஆள் கையில் போடுகிற தடித்த உறை, கொண்டுவரச் சொல்லலாம். நான் பார்த்து வைத்திருப்பது போட்டியில் போடுகிற கடின வகை, உள்ளே பிளாஸ்டிக் ஓடு, மேலே சணல் உறை. ஒருமுறை வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம்தானே. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன், 17 வயது, நன்றாகக் கிரிக்கெட் ஆடுவான், அதைப் போட்டுக்கொண்டு நிற்கத் தயார் என்கிறான். இடம் கடற்கரை, வீட்டிலிருந்து நடை தூரம்.

இடக்கை ஸ்லீவா வலக்கையா? சணலா லினனா? எந்த அளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை_டோபர்மன் | திங்கள், இரவு 9.15

தம்பி, மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்து வைத்திருப்பது பிடி உறுதியான, வளர்ந்த நாய்க்கான சாமான். ஐ.ஜி.பி. முதல் நிலையில் இறங்கவே நாய்க்கு 18 மாதம் முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன் பி.எச். என்ற நடத்தைத் தேர்வு, அதற்கு 15 மாதம். உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

நானும் இதே பிழையைச் செய்தவன். என் டோபர்மனுக்கு 10 மாதத்தில் கடின ஸ்லீவைக் காட்டினேன். முதல் நாள் பாய்ந்து வந்து கவ்வினான், பல் வழுக்கியது, திரும்பக் கவ்வினான், திரும்பவும் வழுக்கியது. ஒரு கிழமைக்குள் நுனிப்பல்லால் கவ்விக் கவ்வி விடுகிற பழக்கம் வந்துவிட்டது. வாயை ஓரிடத்தில் வைக்கவே மாட்டான், மென்றுகொண்டே இருப்பான். அதைத் திருத்த ஒரு வருடத்துக்கு மேல் மினக்கெட்டேன், இன்றைக்கும் கொஞ்சம் அழுத்தம் வந்தால் பழையபடி நுனிப்பல்லுக்குப் போய்விடுவான். நாயில் ஒரு குறையும் இல்லை. நான் அவசரப்பட்டதை அவன் இப்போதும் சுமக்கிறான், எனக்கு இன்னும் அது மனவருத்தம்தான்.

சீனக்குடா_பழையவர் | செவ்வாய், காலை 5.50

உவர்மலைத் தம்பி சொன்னதை நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். நான் கனகாலம் வேலை நாய்களோடு இருந்தவன், ஸ்லீவும் போட்டிருக்கிறேன், உடம்பு முழுக்க மூடுகிற கடி உடுப்பும் போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விளையாட்டில் நடுவர் முதலில் பார்ப்பது பிடியை. முழு வாய், அதாவது கடைவாய்ப் பற்கள் வரைக்கும் உள்ளே போய், அமைதியாக, ஒரே இடத்தில், விடச் சொல்லும் வரை. அந்தப் பிடியை ஸ்லீவ் தானாகக் கொடுக்காது. ஆனால் பிழையான ஸ்லீவ் அதைக் கெடுத்துவிடும். ஸ்லீவ் அளவுக்கு மீறித் தடிப்பாக இருந்தால் நாயின் வாய் முழுசாக மூடாது, நுனியில்தான் தொங்கும். அளவுக்கு மீறிக் கடினம் என்றால் பல் இறங்காது, வழுக்கும், நாய்க்குத் தன்மேலேயே நம்பிக்கை போகும். ஆகையால் படிப்படியாகப் போக வேண்டும். முதலில் சாக்குத் துணி, பிறகு சுருட்டித் தைத்த கயிற்றுப்பிடி, இதை டக் என்பார்கள். பிறகு கடி தலையணை, சின்னத் தலையணை மாதிரி இரண்டு மூன்று கைப்பிடியோடு வரும். அது நல்லபடி பிடிபட்ட பிறகு மென்மையான குட்டி ஸ்லீவ், அதற்கு உள்ளே ஓடு இல்லை அல்லது மிக மெல்லியது. பிறகு நடுத்தர ஸ்லீவ், அதில் கடிக்கிற இடத்தில் வி வடிவில் ஒரு பட்டி துருத்திக்கொண்டு நிற்கும், நாய் வாயைத் திறந்து வந்தால் அந்தப் பட்டி நேரே கடைவாய்க்குள் போகும். கடைசியில்தான் நீங்கள் சொல்லும் போட்டி ஸ்லீவ். 9 மாதம் என்றால் உங்கள் நாய் தலையணையில் நிற்கிறான், நன்றாக இருந்தால் குட்டி ஸ்லீவின் வாசலில்.

இடக்கை வலக்கைக் கேள்விக்கு: ஸ்லீவ் போட்டு நாய்க்கு முன்னால் நிற்கிறவரை ஹெல்பர் என்போம், பெரும்பாலான ஹெல்பர்கள் இடக்கையில்தான் போடுவார்கள், மென்மையான தடி வலக்கையில் இருக்கும். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இடக்கை. இரண்டு கைக்கும் பொருந்துகிற குட்டி ஸ்லீவ்கள் இருக்கின்றன, கிடைத்தால் அதுவே மேல். இளம் நாயை ஒரு பக்கம் மட்டும் பழக்கினால் கழுத்தும் தோளும் ஒரு பக்கமாகவே திரும்பப் பழகிவிடும்.

அடுத்தது அந்தப் பெடியன். தயவுசெய்து வேண்டாம். அதை இரவு வந்து எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

சாம்பல்தீவு_ரொட்வைலர் | செவ்வாய், காலை 10.05

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பார்த்த ஒரு பழைய ஸ்லீவ் விளம்பரத்தில் ஐ.பி.ஓ. என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ஷூட்ஸ்ஹுண்ட். இவையெல்லாம் வேறு வேறு ஸ்லீவா? இன்னொரு கேள்வி, வீட்டுக் காவலுக்கு என் ரொட்வைலரை இப்படிப் பழக்கலாமா? இரவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது.

உவர்மலை_டோபர்மன் | செவ்வாய், மதியம் 12.30

மூன்றும் ஒன்றுதான். ஷூட்ஸ்ஹுண்ட் 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அல்சேஷன்களின் வேலைத் தகுதியைச் சோதிக்கத் தொடங்கியது. 2012 இல் ஐ.பி.ஓ. ஆனது, 2019 இல் ஐ.ஜி.பி. ஆனது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. ஸ்லீவ் அதேதான். ஆனால் மொண்டியோரிங், பிரெஞ்சு ரிங் என்று எழுதியிருந்தால் கவனம், அவை வேறு போட்டிகள், அவற்றில் நாய் காலையும் கடிக்கும், அதற்கு முழு உடுப்பு வேண்டும், ஸ்லீவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது.

வீட்டுக் காவல் பற்றி: இல்லை அண்ணா. விளையாட்டு நாய் ஸ்லீவைத்தான் தேடுகிறது, ஆளை அல்ல. அதற்கு இது ஒரு பந்தயம், இழுபறி விளையாட்டு. உங்களுக்கு நல்ல கேட்டும், வெளிச்சமும், குரைக்கிற நாயும் போதும். மனிதரைக் கடிக்கப் பழக்கிய நாயை ஊருக்கு நடுவில் வைத்திருப்பதும் பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் வைத்திருப்பதும் எவ்வளவு பெரிய பொறுப்பு என்று யோசியுங்கள்.

மூதூர்க்காரன் | செவ்வாய், பின்னேரம் 4.20

வெளிநாட்டுச் சாமான் ஏன்? நாங்கள் இங்கேயே செய்தோம். 4 அங்குலப் பி.வி.சி. குழாயை நீளவாட்டில் வெட்டி, மேலே பழைய மெத்தையின் தும்பை வைத்துக் கட்டி, அதற்கு மேல் உரச்சாக்கைச் சுற்றி நைலோன் நூலால் தைத்தோம். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் நாய் இழுத்த இழுவையில் குழாய் வெடித்து ஓரம் என் முழங்கைக்குக் கீழே கீறிவிட்டது, 5 தையல். ஆனால் யோசனை பிழை என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன், குழாயை மட்டும் மாற்றினால் சரி.

பாலையூற்று_பிராணி | செவ்வாய், இரவு 7.45

மூதூர் அண்ணா, கை ஆறிவிட்டதா? நான் மிருக வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை செய்கிறேன், பல் சம்பந்தமாகச் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குழாய் மட்டும் பிழை இல்லை, தும்பும் பிழை. தேங்காய்த் தும்பு முரடு, நார் முரசுக்குள் ஏறும், பல்லிடுக்கில் நின்று புண்ணாகும். உரச்சாக்கு அதைவிட மோசம். உரமோ பூச்சிமருந்தோ இருந்த சாக்கை எத்தனை தரம் கழுவினாலும் நாயின் வாய்க்குள் கொடுக்காதீர்கள். பொலித்தீன் நெசவுச் சாக்கு இழை இழையாகப் பிரியும், நாய் விழுங்கினால் குடலில் சிக்கும். சணல் சாக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது, நூல் நூற்கும்போது எண்ணெய் போடுவார்கள், சில சாக்கில் மண்ணெண்ணெய் மாதிரி மணம் வரும், அதை எடுக்க வேண்டாம். உணவுத் தானியத்துக்கென்று வரும் சாக்கைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி வெயிலில் காயப்போட்டு எடுங்கள். சுருட்டித் தைத்தால் டக் செய்ய அது நல்ல சாமான். அந்த அளவில் வீட்டில் செய்யலாம். ஆள் கை உள்ளே போகிற ஸ்லீவை மட்டும் வாங்குங்கள், செய்யாதீர்கள்.

நிலாவெளித் தம்பிக்கு முக்கியமாக, கடற்கரை வேண்டாம். சணல் உறைக்குள் மணல் ஏறினால் அது உப்புத்தாள் மாதிரி. நாய் ஒவ்வொரு முறை கவ்வி இழுக்கும்போதும் பல்லின் மேற்பூச்சு தேய்ந்துகொண்டே போகும், ஒரு நாளில் தெரியாது. மணலில் உருட்டிய டென்னிஸ் பந்தைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல் மொட்டையாகிய நாய்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், 4 வயதுகூட இருக்காது. போன பூச்சு திரும்ப வளராது. புல் தரை தேடுங்கள். அது இல்லாவிட்டால் இறுகிய மண் தரை, ஸ்லீவ் கீழே விழுந்தால் ஒவ்வொரு முறையும் தட்டி உதறிவிட்டுத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும்.

9 மாதம் என்றால் 42 பல்லும் வந்திருக்க வேண்டும். ஒருமுறை வாயைத் திறந்து பாருங்கள், பால் கோரைப்பல் விழாமல் பக்கத்தில் நிற்கிறதா என்று. நின்றால் அதை எடுத்த பிறகுதான் இழுவை விளையாட்டு. விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் பாருங்கள், ஹெல்பராக நிற்பவருக்கு அதைக் காட்டுங்கள். தோல் கிழிந்தால், ஒரு சின்னப் பல் கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் நாய்தானே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மூதூர்க்காரன் | செவ்வாய், இரவு 8.10

கை ஆறிவிட்டது அக்கா, தழும்பு மட்டும் இருக்கிறது. உரச்சாக்கு விஷயம் எனக்கு உண்மையாகவே தெரியாது, இன்றைக்கே அதை எரித்துவிடுகிறேன். இல்லை, எரித்தால் புகை, குப்பை வண்டிக்குக் கொடுக்கிறேன்.

சீனக்குடா_பழையவர் | செவ்வாய், இரவு 9.30

காலையில் விட்ட இடத்திலிருந்து. ஸ்லீவ் பாதுகாப்பது ஒரு கையை. ஒரு கையை மட்டும். மற்றக் கை, தொடை, வயிறு, முகம் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. 31 கிலோ நாய் ஓடிவந்து மோதும்போது நிற்பவர் உடம்பைத் திருப்பி அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் என்றால் நாயின் கழுத்து சுளுக்கும், முதுகெலும்பும் அடிபடலாம். கையை விறைப்பாக நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை, நாய் சுவரில் மோதுவது மாதிரித்தான் இருக்கும். கிரிக்கெட் ஆடுகிற பெடியன் பயப்பட மாட்டான், அதுதான் எனக்குப் பயம். பயந்தவன் கையை இழுப்பான், பயமில்லாதவன் பகிடிக்கு நாயைச் சீண்டுவான், இரண்டும் நாய்க்குக் கெடுதி. 17 வயதுப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாய்க்கு என்ன சொல்வீர்கள்?

இப்போதைக்கு நீங்களே தலையணையைப் பிடியுங்கள். நாயை ஹார்னஸில் போட்டு, 5 மீற்றர் கயிற்றை வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் பின்னால் பிடிக்கட்டும், அல்லது அசையாத மரத்தில் கட்டுங்கள். கழுத்துப் பட்டியில் கட்டி இழுக்க விடாதீர்கள். கொளுக்கியை ஒவ்வொரு நாளும் சோதியுங்கள், எங்கள் உப்புக்காற்றில் இரும்பு மூன்று மாதத்தில் துருப்பிடித்துவிடும், பித்தளை அல்லது துருப்பிடியாத உருக்குக் கொளுக்கி போடுங்கள். தலையணையை நேரே வாய்க்குள் திணிக்காமல், பக்கவாட்டில், அவன் நெஞ்சு உயரத்தில் ஓட விடுங்கள். முழு வாயோடு கவ்வினால் உடனே தலையணையை அவனுக்கு விட்டுக் கொடுத்துவிடுங்கள், அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஒரு சுற்று ஓடட்டும், அதுதான் அவனுக்குச் சம்பளம். நுனியில் கவ்வினால் கொடுக்காதீர்கள், கயிற்றை இறுக்கி மெல்ல இழுங்கள், அவன் தானாக உள்ளே தள்ளிக் கவ்வுவான், அந்த நொடியில் கொடுங்கள்.

உவர்மலை_டோபர்மன் | செவ்வாய், இரவு 10.05

ஐயா, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஒவ்வொரு முறையும் சாமானை விட்டுக் கொடுத்தால் நாய் சாமானையே பார்க்கும், ஆளைப் பார்க்காது. என் டோபர்மன் அப்படித்தான், ஸ்லீவ் கீழே விழுந்தால் ஹெல்பர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. பத்து முறைக்கு மூன்று முறை கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

சீனக்குடா_பழையவர் | புதன், காலை 5.40

வளர்ந்த நாய்க்கு நீங்கள் சொல்வது சரி. 9 மாதக் குட்டிக்கு இல்லை. இந்த வயதில் அவன் வெல்ல வேண்டும், கனக்க வெல்ல வேண்டும். பிடி ஊன்றிய பிறகு, ஒரு வயதுக்கு மேல், ஆளை நோக்கிக் குரைப்பதையும் காவல் நிற்பதையும் பழக்கும்போது நீங்கள் சொல்லும் கணக்கு வரும். உங்கள் நாய் ஆளை மறந்ததற்குச் சாமானைக் கொடுத்தது காரணம் இல்லை தம்பி, கொடுத்த பிறகு ஹெல்பர் அசையாமல் நின்றதுதான் காரணம். இரண்டாவது ஸ்லீவைக் காட்டி அவர் திரும்ப ஓட வேண்டும், அப்போது அவன் வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆளிடம் வருவான். செய்து பாருங்கள்.

நிலாவெளி_அல்சேஷன் | புதன், இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் முதல் பதிலைப் படித்தபோது கொஞ்சம் முகம் சுருங்கியது, ஆசைப்பட்டு வைத்திருந்தேன். ஆனால் பல் தேயும் கதையையும் அந்தத் தாயைப் பற்றி ஐயா கேட்டதையும் படித்த பிறகு நித்திரை வரவில்லை. பெடியனிடம் நேரே போய்க் கதைத்துவிட்டேன், 18 முடிந்து, தெரிந்த ஒருவரிடம் பழகிய பிறகு பார்க்கலாம் என்று. வாயைத் திறந்து பார்த்தேன், கீழே இடப்பக்கம் ஒரு சின்னப் பல் கோரைப்பல்லோடு ஒட்டி நிற்கிறது, அக்கா சொன்ன பால் பல்தான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை காட்டப் போகிறேன்.

மச்சானிடம் இரண்டு சாமான் சொல்லலாம் என்று யோசிக்கிறேன்: கைப்பிடி மூன்று உள்ள ஒரு கடி தலையணை, இரண்டு கைக்கும் பொருந்தும் ஒரு குட்டி ஸ்லீவ். சணலா, லினனா, செயற்கைத் துணியா? இங்கே மழைக்காலத்தில் என்ன ஆகும்?

உவர்மலை_டோபர்மன் | புதன், இரவு 8.50

சணல். யோசிக்கவே வேண்டாம். பல் நன்றாக இறங்கும், இளம் நாய்க்கு நம்பிக்கை வரும். பிரெஞ்சு லினன் நெருக்கமான நெசவு, வழுக்கும், வளர்ந்த நாயின் பிடியைச் சோதிக்க நல்லது. செயற்கைத் துணி கனகாலம் கிடக்கும், ஆனால் பல்லுக்குக் கடுமை. சணல் சீக்கிரம் கிழியும், அதனால் உறை தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், மேலதிகமாக இரண்டு உறை கொண்டுவரச் சொல்லுங்கள். பயணப் பெட்டியில் பாரமும் குறைவு. ஐரோப்பாவில் தைத்து வருகிற உறையின் சணலும் அநேகமாக வங்காளப் பக்கத்துச் சணல்தான், கடல் தாண்டிப் போய்த் திரும்ப நம்மிடம் வருகிறது.

அளவுக்கு: ஸ்லீவைப் போட்டால் உங்கள் விரல் நுனி வெளியே தெரியக் கூடாது, முன்பக்கம் மூடியிருக்க வேண்டும். மேலே தோள்வரை காப்பு வர வேண்டும், முழங்கையில் நிற்கிற ஸ்லீவ் வேண்டாம், துள்ளுகிற நாய் மேலேதான் பிடிக்கும். உள்ளே கைப்பிடி இறுக்கமாக, ஆனால் கையை விட்டால் ஸ்லீவ் வழுகி வெளியே வர வேண்டும். மச்சானிடம் கடையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கையை உதறினால் கழன்று விழுகிறதா என்று.

பாலையூற்று_பிராணி | புதன், இரவு 9.20

மழைக்காலம் பற்றி. ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் பக்கம் சணல் காயாது. எச்சிலோடு சுருட்டி அலுமாரிக்குள் வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சணம். பயிற்சி முடிந்ததும் உறையைக் கழற்றி, தண்ணீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் நாள் முழுக்க வெயிலில் போடாதீர்கள், இழை உளுத்துவிடும், ஒரு மணித்தியாலம் போதும். எலி எட்டாத இடத்தில் வையுங்கள், எச்சில் மணத்துக்கு எலி வரும்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நேரம் மிக முக்கியம். வைகாசி முதல் ஆவணி வரை விடிய 6 மணிக்கு முடித்துவிடுங்கள், அல்லது பின்னேரம் 5.30 க்குப் பிறகு. வாயில் தலையணை இருக்கும்போது நாய்க்குச் சரியாக இரைக்க ஏலாது, இரைப்பால்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. ஆகவே பிடி ஒவ்வொன்றும் 10, 15 விநாடி, நாலைந்து முறை, முடிந்தது. நாக்கு அகலமாகி நுனி சுருண்டால், முரசு கடும் சிவப்பானால் உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். நாயின் சூடு 39 பாகைக்குக் கிட்டத்தான் இயல்பு, 41 ஐத் தாண்டினால் உயிர் ஆபத்து. வைத்தியரிடம் கொண்டுபோவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றத் தொடங்க வேண்டும்.

சாம்பல்தீவு_ரொட்வைலர் | புதன், இரவு 9.45

காவல் விஷயத்தில் உங்கள் பதிலை ஏற்றுக்கொள்கிறேன், கேட்டுக்கு விளக்குப் போட ஆள் சொல்லிவிட்டேன். ரொட்வைலரை விளையாட்டாகப் பழக்க ஆசை இருக்கிறது. புல் தரைக்குக் கோட்டைப் பக்கம் வரலாமா? அங்கே இடம் இருக்கிறது.

சீனக்குடா_பழையவர் | வியாழன், காலை 5.45

பிரட்றிக் கோட்டைப் பக்கம் வேண்டவே வேண்டாம். புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகி நடமாடுகிற இடம், கோணேஸ்வரத்துக்குப் போகிற சனம் வேறு. ஓடுகிறதைத் துரத்துகிற ஆவலை நாங்களே தூண்டிவிட்டு மானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது பாவம். டவுனுக்குள்ளும் மான் வரும், அதனால் கயிறு இல்லாமல் எங்கேயும் இல்லை.

என் வீட்டுக்குப் பின்னால் உறவினரின் வெற்றுக் காணி இருக்கிறது, முள்ளுக்கம்பி வேலி, இறுகிய புல் தரை, இரண்டு வேப்பமரம். ஞாயிறு விடிய 6 மணிக்கு வாருங்கள், நிலாவெளித் தம்பி, சாம்பல்தீவு அண்ணா, இருவரும். முதல் நாள் நாய்கள் வண்டியிலேயே இருக்கட்டும், உங்கள் இருவருக்கும் தலையணை பிடிக்கச் சொல்லித் தருகிறேன், நாய் இல்லாமல், நானே கயிற்றை இழுக்கிறேன். செருப்போடு வராதீர்கள், கயிறு கட்டுகிற சப்பாத்து, தடித்த நீளக் காற்சட்டை. தடுப்பூசி அட்டை கட்டாயம்.

நிலாவெளி_அல்சேஷன் | சனி, பின்னேரம் 6.10

காட்டிவிட்டு வந்தேன். பால் பல்தான், எடுத்துவிட்டார்கள், இரண்டு கிழமைக்கு இழுவை விளையாட்டு வேண்டாம் என்றார்கள். ஆகவே நாளைக்கு நான் மட்டும் வருகிறேன் ஐயா. மச்சானிடம் தலையணையும் குட்டி ஸ்லீவும் இரண்டு உறையும் சொல்லியாகிவிட்டது. சாக்கு ஒன்று வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன், மண்ணெண்ணெய் மணம் இல்லை, இரண்டு டக் தைக்கலாம் போல இருக்கிறது, ஒன்று உங்கள் காணிக்கு.

மூதூர்க்காரன் | சனி, இரவு 7.30

நானும் வரலாமா? முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் 7 மணி தாண்டும்.

சீனக்குடா_பழையவர் | சனி, இரவு 7.50

வாருங்கள். 8 மணி வரை இருப்போம், பிளேன்டீ போட்டு வைக்கச் சொல்கிறேன்.